கிடா மோதிரம்: மூன்று சார்ஜை வைத்து எவ்வளவு இடிக்கலாம்?

கதையில் ஒரு மாய மோதிரம் வந்தால், அது என்ன செய்யும் என்பதைக் கதை எழுதுகிறவர் அவ்வப்போது முடிவு செய்துகொள்ளலாம். விளையாட்டில் அந்த வசதி கிடையாது. எவ்வளவு தூரம் பாயும், ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு அடி விழும், யார் போட்டுக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்தாக வேண்டும். இல்லையென்றால் மோதிரம் கையில் இருப்பவர் மட்டும் விளையாடுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

இந்தக் கட்டுரை அப்படி விதி எழுதப்பட்ட ஒரே ஒரு மோதிரத்தைப் பற்றியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் அதன் பெயர் ரிங் ஆஃப் தி ராம். எங்கள் மேசையில் கிடா மோதிரம். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில், சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் இந்த விளையாட்டைத் தமிழிலேயே ஆடுகிறோம். புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு மாயப்பொருள் என்றால் என்ன என்று விளக்க, நான் முதலில் எடுப்பது இந்த மோதிரத்தைத்தான். இதைப் புரிந்துகொண்டால் மற்ற மாயப்பொருள்களில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974இல் வெளிவந்தது. திரை வேண்டாம், கணினி வேண்டாம். ஆளுக்கொரு கேரக்டர்: வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி இப்படி. டிஎம் என்று ஒருவர் உலகத்தை விவரிப்பார், எதிரிகளை நடத்துவார். மற்றவர்கள் தங்கள் கேரக்டர் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகம் கொண்ட டைஸை உருட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். நான் கீழே சொல்லும் எண்கள் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகள்படி.

சரி, மோதிரத்துக்கு வருவோம்.

மோதிரத்தில் மூன்று சார்ஜ் இருக்கும். உங்கள் முறை வரும்போது ஒரு ஆக்‌ஷனைச் செலவழித்து, ஒன்றோ இரண்டோ மூன்றோ சார்ஜை எதிரி மேல் ஏவலாம். எதிரி 60 அடிக்குள், அதாவது சுமார் 18 மீட்டருக்குள், உங்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மோதிரத்திலிருந்து ஆவி போன்ற ஒரு கிடாத்தலை கிளம்பிப் போய் முட்டும். முட்டியதா என்று பார்க்க இருபது முக டைஸை உருட்டி, அதோடு 7 கூட்ட வேண்டும். எதிரியின் ஆர்மர் கிளாஸ் எண்ணை, அதாவது அவனை அடிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்ணை, தொட்டாலோ தாண்டினாலோ அடி விழுந்தது. ஒவ்வொரு சார்ஜுக்கும் பத்து முக டைஸ் இரண்டை உருட்டி டேமேஜ் கணக்கிடுவார்கள். அதோடு எதிரி உங்களிடமிருந்து 5 அடி பின்னால் தள்ளப்படுவான். மூன்று சார்ஜ் என்றால் ஆறு டைஸ், 15 அடி தள்ளல். தினமும் விடியலில் ஒன்று முதல் மூன்று சார்ஜ் வரை திரும்ப ஏறும். எத்தனை என்பதை டைஸ் சொல்லும்.

சார்ஜ் என்றால் என்ன என்பதில்தான் புதியவர்கள் முதலில் தடுமாறுகிறார்கள். டச் அண் கோ கார்டில் காசு ஏற்றி வைத்திருப்பீர்கள் அல்லவா? எல்ஆர்டி கேட்டில் கழியும், டோலில் கழியும், பார்க்கிங்கில் கழியும். எங்கே கழித்தாலும் மிச்சம் ஒன்றுதான். சார்ஜும் அதே மாதிரி. கதவை உடைக்கத் தனிக் கணக்கு, எதிரியை அடிக்கத் தனிக் கணக்கு என்று கிடையாது. காலையில் கதவுக்குச் செலவழித்துவிட்டால், மாலையில் எதிரி முன்னால் நிற்கும்போது கையில் இருப்பது வெறும் மோதிரம்.

இனி கேள்விக்கு வருவோம். மோதிரம் கிடைத்த முதல் நாளே எல்லோரும் கேட்பது இதுதான்: “அண்ணே, மூணையும் ஒரே அடியா விட்டுடலாமா?”

விடலாம். விதி தடுக்காது. ஆனால் யார் மேல் விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது நல்ல யோசனையாகவும் இருக்கும், வீணாகவும் போகும். பத்து முக டைஸ் இரண்டை உருட்டினால் சராசரியாக 11 வரும். மூன்று சார்ஜுக்கு ஆறு டைஸ், சராசரி 33. இப்போது கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விதிப் புத்தகத்தில் அதற்கு 7 எச்பி. அதாவது 7 டேமேஜ் விழுந்தால் கதை முடிந்தது. ஒரே சார்ஜில் அடி பட்டாலே நூற்றில் 85 தடவை அது விழுந்துவிடும். அதன் மேல் மூன்றையும் விட்டால் 26 டேமேஜ் காற்றில் போனது என்று அர்த்தம். மறுபக்கம் ஓகர் என்ற முரட்டு ராட்சசனுக்கு 59 எச்பி. அதன் மேல் மூன்றையும் விட்டால் ஒரே அடியில் பாதிக்கு மேல் போய்விடும். அங்கே அது காசுக்கு ஏற்ற அடி.

அடி தவறினால் என்ன ஆகும் என்பது அடுத்தது. கோப்ளினின் ஆர்மர் கிளாஸ் 15. உங்களுக்கு 7 கூடுதல் இருப்பதால் டைஸில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். நூற்றில் 65 வாய்ப்பு. தவறினாலும் சார்ஜ் போனது போனதுதான், திரும்ப வராது. ஆகவே இதே ஆர்மர் கிளாஸ் உள்ள ஒரு பெரிய எதிரி மேல் மூன்றையும் ஒன்றாக விட்டால், நூற்றில் 35 தடவை அன்றைய மோதிரமே வீண். ஒவ்வொன்றாக மூன்று முறை விட்டால், மூன்றும் தவற வாய்ப்பு நூற்றில் 4தான். நெடுநாள் கணக்குப் போட்டால் இரண்டு வழியிலும் கிடைக்கும் டேமேஜ் ஒன்றே. ஒரு வழியில் பெரிதாக விழும் அல்லது ஒன்றுமே விழாது. இன்னொரு வழியில் கொஞ்சம் கொஞ்சமாக, கிட்டத்தட்ட நிச்சயமாக விழும்.

அப்படியானால் எப்போதும் ஒவ்வொன்றாக விடுவது நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் ஆக்‌ஷன் என்ற விஷயம் குறுக்கே வருகிறது. ஒரு முறைக்கு உங்களுக்கு ஒரே ஆக்‌ஷன். மூன்று முறை மோதிரத்தைப் பயன்படுத்தினால், அந்த மூன்று முறையும் வாள் வீச முடியாது, மந்திரம் போட முடியாது, விழுந்து கிடக்கும் நண்பனைத் தூக்க முடியாது. சண்டைகள் பெரும்பாலும் மூன்று நான்கு சுற்றில் முடிந்துவிடும். சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று சண்டை முழுவதையும் மோதிரத்துக்கே கொடுத்துவிட்டால், உங்கள் கேரக்டரின் சொந்தத் திறமை எதுவும் மேசைக்கு வராது. இந்தக் கணக்கை மனதில் போட்டுப் பார்த்து, ஒரு புதியவர் “வேண்டாம், இந்த முறை ஒண்ணு போதும்” என்று சொல்லும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அந்த இடத்தில்தான் அவர் விளையாட ஆரம்பிக்கிறார்.

டைஸில் நேராக 20 விழுந்தால் டேமேஜ் டைஸ் இரட்டிப்பாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று சார்ஜ் விட்ட அடியில் 20 விழுந்தால் பன்னிரண்டு டைஸ், சராசரி 66. முழு எச்பியோடு நின்ற ஓகரே விழுந்துவிடும். அந்த ஒரு நாளுக்காகவே மூன்றையும் விடுகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

டேமேஜைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், இந்த மோதிரத்தின் உண்மையான பலம் தள்ளுவதில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். டேமேஜ் கொடுக்கும் பொருள்கள் இந்த விளையாட்டில் கொட்டிக் கிடக்கின்றன. எதிரி எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் தள்ளிவிடும் பொருள்கள் குறைவு. விதியை ஒருமுறை கவனமாகப் படியுங்கள். அடி பட்டால் எதிரி தள்ளப்படுவான், அவ்வளவுதான். தப்பித்துக்கொள்ள எதிரி டைஸ் உருட்ட வாய்ப்பு இல்லை. உருவ அளவுக்கு வரம்பு இல்லை. டிராகனாகவே இருந்தாலும், அடி பட்டால் பின்னால் நகர்ந்தே தீர வேண்டும்.

எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் எழுதிய சாகசத்தில் ஒரு சுண்ணாம்புக் குகை வரும். பத்துமலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாறைச் சுவரும் வௌவால் வாடையும் சொல்லாமலே தெரியும் என்பதால் அப்படி வைத்தேன். குகைக்குள் 60 அடி ஆழமுள்ள ஒரு பிளவு. அதன் விளிம்பை ஒட்டிப் போகும் பாதையை ஓர் ஓகர் மறித்து நின்றது. குழுவில் இருவர் ஏற்கெனவே அடிபட்டு விழுந்து கிடந்தார்கள். மோதிரம் எங்கள் தங்கை ஒருத்தியின் பூசாரி கேரக்டரிடம் இருந்தது. மிச்சம் இரண்டு சார்ஜ்.

அவள் உடனே டைஸை எடுக்கவில்லை. எழுந்து நின்று வரைபடத்தை மேலிருந்து பார்த்தாள். இந்த விளையாட்டின் வரைபடத்தில் ஒரு கட்டம் 5 அடி. தள்ளல் எப்போதும் மோதிரம் போட்டவரிடமிருந்து விலகிப் போகும் திசையில்தான் நடக்கும். அவள் நின்ற இடத்திலிருந்து தள்ளினால் ஓகர் பாதையிலேயே பின்னால் போகும், பிளவுக்குள் விழாது. ஆகவே முதலில் தன் நடையைச் செலவழித்து, பாறைச் சுவரை ஒட்டி ஐந்து கட்டம் நகர்ந்தாள். இப்போது அவள், ஓகர், பிளவு மூன்றும் ஒரே கோட்டில். அப்புறம் ஓகரின் அளவைக் கேட்டாள். அது இரண்டு கட்டம் நீளம், இரண்டு கட்டம் அகலம். ஒரு சார்ஜ் விட்டால் ஒரு கட்டம்தான் நகரும், பாதி உடம்பு விளிம்பிலேயே நிற்கும். “ரெண்டும் போடுறேன் அண்ணே” என்றாள்.

ஓகரின் ஆர்மர் கிளாஸ் 11தான். டைஸில் 6 விழுந்தது, 7 கூட்டினால் 13. கிடா முட்டியது. நான்கு டைஸ் டேமேஜ், 10 அடி தள்ளல், ஓகர் விளிம்பைத் தாண்டிப் போனது. விழும் ஒவ்வொரு 10 அடிக்கும் ஆறு முக டைஸ் ஒன்று என்பது விதி. 60 அடிக்கு ஆறு டைஸ், சராசரி 21. ஓகர் சாகவில்லை. ஆனால் அடிவாரத்தில் குப்புறக் கிடந்தது, மேலே ஏறி வரப் பல சுற்று ஆகும். அதற்குள் விழுந்தவர்களை எழுப்பிக் குழு கிளம்பிவிட்டது. அதே இரண்டு சார்ஜை நின்ற இடத்திலிருந்தே விட்டிருந்தால் ஓகரின் எச்பியில் மூன்றில் ஒரு பங்கு கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருக்கும், அடுத்த முறையில் அதன் கதாயுதம் அவள் தலையில் இறங்கியிருக்கும்.

பள்ளம் இல்லாத இடத்திலும் தள்ளல் உதவும். எதிரி பக்கத்தில் நிற்கும்போது நீங்கள் விலகி ஓடினால், அவனுக்கு ஓர் இலவச அடி உண்டு. கிடாவால் அவனை 5 அடி தள்ளிவிட்டால், பெரும்பாலான எதிரிகளின் எட்டும் தூரத்திலிருந்து நீங்கள் ஏற்கெனவே வெளியே வந்துவிடுகிறீர்கள். நிதானமாக நடந்து போகலாம். அடி வாங்கக் கூடாத மந்திரவாதிக்கு இது பெரிய விஷயம். ஒன்று மட்டும்: எதிரி பக்கத்தில் நிற்கும்போது தூரத் தாக்குதல் செய்தால் பாதகத்தோடு, அதாவது டைஸை இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளும்படி, உருட்ட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கிடாவின் முட்டு தூரத் தாக்குதலா, கைத் தாக்குதலா என்று 2014 விதியின் வாசகம் சொல்லவில்லை. டிஎம் முன்கூட்டியே முடிவு செய்து சொல்லிவிடுவது நல்லது. எங்கள் மேசையில் பாதகம் கிடையாது.

இனி கதவுகள். மோதிரத்தின் இரண்டாவது வேலை பொருள்களை உடைப்பது. இங்கே கணக்கு தலைகீழாக மாறும், அதனால் கவனமாகப் பாருங்கள். பொருளை உடைக்கும்போது டைஸோடு ஒரு சார்ஜுக்கு 5 கூட்டுவார்கள். இரண்டுக்கு 10, மூன்றுக்கு 15. குகையில் ஓர் இரும்புக் கதவு, உடைக்க 25 வேண்டும் என்று டிஎம் வைத்திருக்கிறார். ஒரு சார்ஜ் விட்டால் டைஸில் 20 விழுந்தே ஆக வேண்டும், நூற்றில் 5 வாய்ப்பு. இரண்டு விட்டால் 30. மூன்றையும் விட்டால் 55. சரி, ஒவ்வொன்றாக மூன்று முறை முயன்றால்? மூன்றும் சேர்த்தே நூற்றில் 14தான். எதிரியை அடிக்கும்போது பிரித்து விடுவது பாதுகாப்பு. கதவை உடைக்கும்போது பிரித்து விடுவது வீண். ஒரே மோதிரம், அதே மூன்று சார்ஜ், இரண்டு வேலைக்கு இரண்டு விதமான புத்தி. இந்த மோதிரத்தை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை வருவது இந்த இடத்தில்தான்.

உடைக்கும் பொருள் யார் கையிலும் இருக்கக் கூடாது, யார் உடம்பிலும் அணிந்திருக்கக் கூடாது. எதிரியின் கேடயத்தை உடைக்கிறேன், கையிலிருக்கும் வாளை உடைக்கிறேன் என்று கேட்பார்கள், அது நடக்காது. சுவரில் சாத்தி வைத்த வாள் என்றால் தாராளமாக.

யார் போட்டுக்கொள்ளலாம்? யார் வேண்டுமானாலும். ஆனால் முதலில் மோதிரத்தோடு அட்டியூன்மென்ட் செய்துகொள்ள வேண்டும். குறைந்தது ஒரு மணி நேர ஓய்வில் அதைக் கையில் வைத்துக்கொண்டு அதன் மேலேயே கவனமாக இருக்க வேண்டும். ஒருவர் ஒரே சமயத்தில் மூன்று பொருளோடுதான் இப்படிப் பிணைந்திருக்கலாம். அதனால் சண்டைக்கு நடுவில் “மச்சான், மோதிரத்தைத் தூக்கிப் போடு” என்று வாங்கிப் போட்டால் விரலில் நகையாகத்தான் இருக்கும், கிடா வராது. அந்த 7 கூடுதல் மோதிரத்தின் சொந்த எண். போட்டவர் எவ்வளவு பலசாலி, எவ்வளவு புத்திசாலி என்று பார்க்காது. இதில் ஓர் அழகு உண்டு: சண்டையே தெரியாத கேரக்டர்கூட வீரனுக்கு நிகராகக் குறி வைக்கும். ஆனால் நீங்கள் லெவல் ஏற ஏற மோதிரம் அங்கேயே நிற்கும். வளர்ந்த சிவப்பு டிராகனின் ஆர்மர் கிளாஸ் 19, எச்பி 256. அதன் மேல் கிடா படுவதற்கு நூற்றில் 45 வாய்ப்பு, மூன்று சார்ஜும் பட்டால்கூட எச்பியில் எட்டில் ஒரு பங்குதான் போகும். ஆகவே டிஎம்களுக்கு என் யோசனை, ஐந்தாவது லெவலை ஒட்டிக் கொடுங்கள். அதற்கு முன் கொடுத்தால் சண்டைகள் சப்பென்று போகும். பத்தைத் தாண்டிக் கொடுத்தால் டேமேஜுக்கு யாரும் தொட மாட்டார்கள்.

பழைய பதிப்பில் இதே மோதிரம் வேறு மாதிரி இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் 2014 விதியின் அருமை புரியும். 2003இல் வந்த மூன்றரையாம் பதிப்பில் புது மோதிரத்துக்கு 50 சார்ஜ். விடியலில் ஏறாது. 50உம் தீர்ந்தால் மாயம் போய்விடும், வெறும் மோதிரம். ஒரு சார்ஜுக்கு ஆறு முக டைஸ் ஒன்றுதான் டேமேஜ். 50 என்றால் நிறைய என்று தோன்றும். ஆனால் தீர்ந்தால் திரும்ப வராது என்று தெரிந்த பொருளை மனிதர்கள் எப்படி வைத்துக்கொள்வார்கள்? எடுக்கவே மாட்டார்கள். “இதைவிடப் பெரிய ஆபத்து வரும், அப்போ பாத்துக்கலாம்” என்று பையிலேயே கிடக்கும், கதையும் முடிந்துவிடும். நாளைக்குக் காலையில் கொஞ்சமாவது ஏறும் என்ற உறுதி இருந்தால்தான் இன்றைக்குக் கை துணியும். 2014 விதியில் மூன்றே சார்ஜ் இருந்தும் மோதிரம் அடிக்கடி வெளியே வருவது அதனால்தான். இதே பதிப்பில் சில மந்திரக்கோல்களுக்குக் கடைசி சார்ஜைச் செலவழித்தால் பொடிந்துபோகும் அபாயம் உண்டு. கிடா மோதிரத்துக்கு அந்த அபாயம் இல்லை. மூன்றையும் தைரியமாகத் தீர்க்கலாம்.

தமிழில் விளையாட நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் இலவசமாக வெளியிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். இந்த மோதிரமும் அதில் இருக்கிறது. புதியவர்கள் ஆங்கில விதியை வாசித்துத் திணறி, அந்தத் திணறலிலேயே விளையாட்டை விட்டுப் போவதை நான் பார்க்க விரும்பவில்லை. அதனால் உள்ளங்கை அளவு அட்டையில் இப்படி எழுதி வைத்திருக்கிறோம். நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

கிடா மோதிரம். அரியது, அட்டியூன்மென்ட் தேவை. 3 சார்ஜ், தினமும் விடியலில் 1 முதல் 3 வரை ஏறும். ஓர் ஆக்‌ஷனில் 1 முதல் 3 சார்ஜ் செலவழிக்கலாம். 60 அடிக்குள் கண்ணில் படும் ஓர் எதிரியை முட்ட: டைஸ் கூட்டல் 7. பட்டால் சார்ஜுக்கு இரண்டு பத்து முக டைஸ் ஃபோர்ஸ் (மாய விசை) டேமேஜ், 5 அடி பின்னால். அல்லது 60 அடிக்குள் யாரும் ஏந்தாத, அணியாத பொருளை உடைக்க: டைஸ் கூட்டல் சார்ஜுக்கு 5.

அட்டை மேல் மூன்று பத்துக் காசை வைத்துவிடுங்கள். சார்ஜ் செலவானதும் காசை டிஎம் பக்கம் தள்ளிவிட வேண்டும். கதையில் பொழுது விடிந்ததும் ஆறு முக டைஸை உருட்டுங்கள்: 1, 2 விழுந்தால் ஒரு காசு திரும்பும், 3, 4 என்றால் இரண்டு, 5, 6 என்றால் மூன்று. அந்த டைஸை மட்டும் மோதிரம் போட்டவர் கையாலேயே உருட்ட விடுங்கள்.